பொட்டல்புதூர் கந்தூரியில் பக்கீர்மார் பாட்டு: அந்தப் பெரியவர் தாயிராவை மடியில் கவிழ்த்து வைத்தது ஏன்?

ராமநதிக்கரை

நமக்குக் கடையம் பக்கம். பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசல் எங்க வீட்டுக்கு அந்நியம் கிடையாது. சின்னதுல நான் ராத்திரி அலறி எந்திரிச்சா, ஆச்சி மறுநாளே தூக்கிட்டுப் போயி ஓதி ஊதிக் கூட்டியாருவா. ஆனா அங்க வருஷா வருஷம் நடக்கிற கந்தூரி விழா அன்னைக்கு ராத்திரி முழுக்க அங்க உட்கார்ந்து பாட்டு கேட்டது இந்த வருஷந்தான், 46 வயசுல.

சந்தனக்கூடு பார்த்துட்டுப் பாதிக் கூட்டம் பஸ்ஸுக்குக் கிளம்பிருச்சு. நான் கல்தூண் ஒண்ணுல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டடத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், நம்ம ஊர்க் கோயில் மண்டபம் மாதிரியேதான் இருக்கும். பச்சைத் தலைப்பாகை, கழுத்துல மணிமாலை, பக்கீர்மார் நாலு பேர் பாயை விரிச்சு உட்கார்ந்தாங்க. மேடை இல்லை, மைக் இல்லை. சாம்பிராணி போட்ட கங்குச்சட்டியில ஒருத்தர் தாயிராவோட, அதான் கையால அடிக்கிற அந்த வட்டப் பறையோட, தோலைக் காட்டிக் காட்டி, விரலால சுண்டிப் பார்த்தார்.

முதல்ல அல்லாஹ்வைப் பாடி, அப்புறம் நபி, அப்புறம் முகைதீன் ஆண்டவர். நடுவுல இருந்த பெரியவர் அடி எடுத்துக் கொடுக்க, மத்த மூணு பேரும் அந்த அடியோட கடைசிச் சொல்லைப் பிடிச்சு மேல தூக்கிட்டுப் போறாங்க. அவர் தொண்டை கரகரன்னுதான் இருந்தது. ஆனா வரி முடியிற இடத்துல குரல் அப்படியே கீழ இறங்கி, யார்கிட்டயோ தனியாப் பேசுற மாதிரி ஆயிரும். அதுக்குப் பிறகு இபுறாகீம் நபி கதை. மகன் கழுத்துல கத்தி வைக்கிற இடம் வரும்போது, பக்கத்துல தூங்குற பிள்ளையை மடியில போட்டிருந்த ஒரு அம்மா அதோட தலையை முந்தானையால மூடினா. தெரிஞ்சு செஞ்சாளான்னு தெரியலை. எனக்கு அதுக்கப்புறம் கண்ணு நிக்கலை.

நான் கேட்க வந்தது இதுதான். ஒன்றரை மணி வாக்குல பெரியவர் சட்டுனு தாயிராவை மடியில கவிழ்த்து வச்சார். மத்தவங்களும் அடிக்கிறதை நிறுத்திட்டாங்க. ஒரு பாட்டு முழுக்கத் தாளமே இல்லாம, கண்ணை மூடிட்டுப் பாடினார். அது முடிஞ்சதும் பழையபடி தாயிரா. ஏன் அப்படி? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார், பாய்மார் சொல்லுங்க.

தறிச்சத்தம்

நான் மேலப்பாளையம். நீங்க எழுதினதைப் படிச்சதும் நோன்பு மாசம் ஞாபகம் வந்துட்டு.

எங்க தெருவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மேல, நோன்பு வைக்கிறதுக்கு முன்ன சாப்பிட எழுப்புற ஸஹர் பாவா வருவாங்க. தூரத்துல தாயிரா கேட்கும்போதே உம்மா எந்திரிச்சு அடுப்பைப் பத்த வச்சிருவாங்க. சத்தம் பக்கத்துல வந்து, நம்ம வாசல்ல நின்னு, வீட்டுல உள்ளவங்க பேரைச் சொல்லி எழுப்பி, அடுத்த தெருவுக்குத் திரும்பி மெதுவாத் தேஞ்சு போகும். நான் அந்தப் பாட்டை முழுசா ஒரு நாளும் கேட்டதில்ல. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து நாலு வரி, அஞ்சு வரி, அவ்வளவுதான். மறுநாள் வேற நாலு வரி. முப்பது நாளும் சேர்த்தா ஒரு பாட்டு ஆகும்போல. பெருநாள் கழிஞ்சு அவங்க பகல்ல வந்து நிப்பாங்க. அப்பதான் முகம் தெரியும்.

நீங்க கேட்டது கிஸ்ஸா. கதையைப் பாட்டாச் சொல்றது. மசலான்னு ஒண்ணு இருக்கு, அது கேள்வியும் பதிலுமாப் போகும். 'நூறு மசலா'வுல ஒரு ராஜகுமாரி கேள்வியா அடுக்குவா, வந்தவன் ஒவ்வொண்ணா அவிழ்த்து ஜெயிப்பான். முனாஜாத்துன்னா அல்லாஹ்கிட்ட அழுது கேட்கிறது. தாயிராவைக் கவிழ்த்து வச்சுப் பாடினது முனாஜாத்தா இருக்கும்னு எனக்குப் படுது. துஆ கேட்கும்போது கையில வாத்தியம் எதுக்கு?

யமுனைப்பாலம்

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம், பதினாறு வருஷமாக டெல்லி வாசம். வியாழக்கிழமை ராத்திரிகளில் நிஜாமுத்தீன் தர்காவுக்குப் போய் கவ்வாலி கேட்பது பழக்கமாகிவிட்டது. நிஜாமுத்தீன் அவுலியாவும் அவர் சீடர் அமீர் குஸ்ரோவும் ஒரே ஆண்டில், 1325-ல், மறைந்தவர்கள். ஒரே வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள். குஸ்ரோவின் வரிகளை அவர் கபருக்கு முன்னாலேயே உட்கார்ந்து பாடுகிறார்கள்.

அங்கே ஆர்மோனியம் உண்டு, டோலக் உண்டு, கைத்தட்டு உண்டு. கேட்பவர் எந்த வரியில் உருகுகிறார் என்று பாடகர் பார்த்துக்கொண்டே இருப்பார். உருகிய வரியை விடமாட்டார், அதையே திரும்பத் திரும்பச் சொல்லுவார். பாட்டு தொடங்கும் முன் தாளமில்லாமல் ஒரு கவிதையை இழுத்துப் பாடுவதும் வழக்கம். உங்கள் பெரியவர் செய்தது அதுபோல இருக்கலாம். ஆனால் அது தொடக்கத்தில் வரும், நீங்கள் சொல்வதோ நடுவில்.

ஒன்று மட்டும் எனக்கு வருத்தம். கவ்வாலிக்காக டெல்லி வரைக்கும் வந்த நான், பொட்டல்புதூரில் ஒரு கந்தூரிக்குக்கூட உட்கார்ந்ததில்லை.

தேரிக்காட்டான்

நான் பாட்டுக்காரன் இல்ல, கொடை கேட்கிறவன். எங்க பக்கம் சுடலைமாடன் கோயில் கொடையில கணியான் கூத்து நடக்கும். அதுல ரெண்டு மகுடம், உச்சம் ஒண்ணு, மந்தம் ஒண்ணு. மகுடமும் தாயிராவும் ஒரே குடும்பம்னு நினைக்கேன். மரவளையம், ஒரு பக்கம் தோல், நெஞ்சுக்கு நேரே பிடிச்சுக் கையால அடிக்கிறது. கூத்து ஆரம்பிக்கு முன்ன ஓலையைக் கொளுத்தி மகுடத்தை வாட்டுவாவ. பனி இறங்குனா தோல் தொய்யும், சத்தம் மொத்துமொத்துன்னு ஆயிரும். திரும்ப வாட்டணும்.

ராத்திரி ஒன்றரை மணின்னு சொல்லுதீய. மலையடிவாரம், ஈரக்காத்து. தோல் இறங்கியிருக்கும். ஒரு பாட்டுக்கு ஓய்வு குடுத்துட்டு, அதுக்குள்ள யாரும் கங்குல காட்டினாவளா? அதைப் பார்த்தீயளா?

வேற ஒரு காரியமும் சொல்லணும். வில்லுப்பாட்டுல அண்ணாவி ஒரு வரி பாடினா பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு வாங்குவார்லா, அதே மாதிரி நீங்க சொன்ன கடைசிச் சொல்லைப் பிடிக்கிறது. ஐயன் கதையா நபி கதையான்னு பிரிச்சுக் கேட்கிற காது நம்ம பாட்டன்மாருக்கு இல்ல. விடிய விடியக் கதை வேணும், அவ்வளவுதான். எங்க தாத்தா ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கு வண்டி கட்டிட்டுப் போவார். கடலுக்குப் பக்கத்துல நம்பியாறு சேர்ற இடத்துல, செய்யதலி பாத்திமாவும் சேகு முகம்மதுவும் அடங்கின இடம். அங்க கேட்ட பக்கீர் பாட்டை வயல்ல முனங்குவார். சொல்லு பாதி தப்பா இருக்கும். மெட்டு மட்டும் பிசகாது.

ராமநதிக்கரை

அண்ணாச்சி, கங்குல யாரும் காட்டலை. அதைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். பாட்டு முடிஞ்சதும் அப்படியே எடுத்து அடிச்சார், கணீர்னுதான் இருந்தது.

மஸ்ஜித் தெரு

நான் மாற்றுக் கருத்து சொல்றேன், யாரும் தப்பா எடுக்க வேண்டாம். அடங்கினவங்ககிட்ட கேட்கிறது எங்க நம்பிக்கைக்கு ஒத்துவராது. கேட்கிறது அல்லாஹ்கிட்ட மட்டுந்தான். கந்தூரி, சந்தனக்கூடு எதுக்கும் நான் போறதில்ல. தப்ஸ்ங்கிற கைப்பறை அடிச்சுப் பாடுறதைக் கல்யாணத்துக்கு, பெருநாளைக்கு அனுமதிச்ச ஹதீஸ் உண்டு. அதை மார்க்கமாவே ஆக்குறதுதான் சரியில்லன்னு சொல்றோம்.

அதுக்காகப் பாடுற மனுஷனை இழிவாப் பார்க்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன். எங்க ஆட்கள்லயே சிலர் ஸஹர் பக்கீரைத் தெருவுல நிறுத்திக் கேள்வி கேட்டு அனுப்பினது உண்டு. அந்த மனுஷர் திரும்பி நடந்து போனதை என் கண்ணால பார்த்தேன். அன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கணும், திறக்கலை. அது எனக்குள்ள இன்னும் கிடக்கு.

காயல் உப்புக்காற்று

மஸ்ஜித் தெரு சொன்ன இரண்டாவது பத்திக்காக அவருக்கு என் ஸலாம்.

முதல் பத்திக்குப் பதில் சொல்லி வழக்காட நான் வரவில்லை. இந்த விவாதம் நேற்று முளைத்ததில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா' என்ற நூலில் 'சமா' என்னும் இசை கேட்டலுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். பாட்டு உள்ளத்தில் இல்லாததைக் கொண்டுவந்து போடாது, இருப்பதைக் கிளறிவிடும் என்பது அதன் சாரம். ஆகவே, கேட்பவன் யார் என்பதைப் பொறுத்தே அது நன்மையாவதும் தீமையாவதும்.

காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்று தைக்காக்கள், அதாவது தொழவும் ஓதவும் கூடும் இடங்கள், உண்டு. பெண்களே கூடியிருந்து மாலைகள், பைத்துகள் என்னும் புகழ்ப்பாடல்களை ஓதுவார்கள், ஆண் குரல் கேட்காது. தறிச்சத்தம் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து நாலு வரி கேட்டதாக எழுதியிருக்கிறார். பெண்கள் கேட்டதோடு நிற்கவில்லை தங்கச்சி. ஞானப் பாடல் பாடிய றசூல் பீவி தென்காசிக்காரர், ஒரு பெண். அவர் பேரை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தென்காசிச் சாரல்

தென்காசின்னு வந்ததால நான் உள்ள வாரேன். தக்கலையில அடங்கியிருக்கிற பீர் முகம்மது அப்பா பிறந்தது எங்க ஊர். இங்க இருந்து மலைப்பக்கம் போயி, பிறகு தக்கலையில தறி நெய்து பிழைச்சாங்கன்னு சொல்லுவாங்க. அவங்க பாடின 'ஞானப்புகழ்ச்சி'யை வருஷா வருஷம் ரஜப் மாசம் தக்கலையில ஒரு ராத்திரி முழுக்க ஊரே கூடிப் பாடுது. பாடுறவங்க பாட்டைத் தொழிலா வச்சவங்க இல்ல. கடைக்காரர், வாத்தியார், வெளிநாட்டுல இருந்து லீவுல வந்தவர். வாப்பா மடியில இருந்து கேட்ட பிள்ளை அடுத்த பத்து வருஷத்துல பக்கத்துல உட்கார்ந்து பாடும். அதனாலதான் அது நிக்குது.

பக்கீர்மார் பாட்டு அப்படி இல்ல. அதை அவங்க குடும்பங்கள் மட்டும் சுமக்குது. ஊரு கேட்டுட்டுப் போயிருது.

குணங்குடி மஸ்தான் சாகிபுக்கும் இதே கதைதான். 1792-ல தொண்டிப் பக்கம் பிறந்து, சென்னையில 1838-ல மறைஞ்சவங்க. தாயுமானவர் பாடின மாதிரியே அவங்களும் பராபரக்கண்ணி பாடியிருக்காங்க. கண்ணின்னா ரெண்டு ரெண்டு வரி, நடந்துக்கிட்டே பாடலாம், யார் வேணும்னாலும் பின்பாட்டுப் பாடலாம். புலவர் கூட்டத்துல அதை ஆராய்ச்சி பண்றாங்க. தெருவுல அதைப் பாடிக் காப்பாத்தினது பக்கீர்தான்.

எனக்கு ஒரு ஆசை. இந்தப் பாட்டை மேடையில ஏத்தவே கூடாது. அது தெருவுக்கும் தர்காவுக்கும் உள்ளது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்துல பார்த்தேன், கீபோர்டு சத்தத்துல ஒரு சொல்லும் விளங்கலை. கலர் லைட்டு வேற. பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்.

லாந்தர்

எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். நான் பக்கீர் குடும்பம். சூபிகள்ல எங்க வழி ரிபாயி தரீக்கா. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போவேன். இன்னைக்கு எழுதித்தான் ஆகணும்.

மேடையில ஏத்தக் கூடாதுன்னு தென்காசிக் காக்கா அன்பாத்தான் சொல்லுதீங்க. ஆனா எங்க பக்கம் இருந்து பாருங்க. தெருவுன்னா என்ன? ஒரு மாசம் ராத்திரித் தூக்கம் இல்லாம நடந்து, பெருநாளைக்கு வீடு வீடா நின்னா ஒரு வீட்டுல இருபது ரூபாய், ஒரு வீட்டுல கதவு திறக்காது. இப்ப எல்லார் தலைமாட்டுலயும் செல்போன் அலாரம் இருக்கு. எங்க வாப்பா 31 வருஷம் ஸஹர் நடந்தாங்க, முட்டி தேஞ்சு போச்சு. என் தம்பி லோடு ஆட்டோ ஓட்டுதான். அவனுக்கு என்னை விட நல்ல குரல். ஆனா கல்யாணம் பேசப் போன இடத்துல, பக்கீர் வீடான்னு கேட்டுட்டு எந்திரிச்சுட்டாங்க. அதுல இருந்து அவன் தாயிராவைத் தொடுறதில்ல.

தெருவுல பாடினா பிச்சை, மேடையில பாடினா கலைன்னு ஊர் நினைக்குது. அப்ப எங்களுக்கும் மேடை வேணும்தானே? கீபோர்டு வேண்டாம், சரி. எங்களை ஒரு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டாங்க. யாருன்னு சொல்ல வேண்டாம். பத்து நிமிஷம்னு சொன்னாங்க. கிஸ்ஸாவை எப்படிப் பத்து நிமிஷத்துல முடிக்கிறது? கத்தியைக் கழுத்துல வச்சதோட இறங்கி வரச் சொல்லுதாங்க! ஆடு வர வேண்டாமா? பிள்ளை பிழைக்க வேண்டாமா? வாப்பா மேடையை விட்டு இறங்கி, பின்னால கார் நிக்கிற இடத்துல உட்கார்ந்து மீதியைப் பாடி முடிச்சுட்டுத்தான் தண்ணி குடிச்சாங்க. பேசின காசு மூணு மாசம் கழிச்சுப் பாதி வந்தது.

எங்களுக்கு வேண்டியது நேரம். முழு ராத்திரி வேண்டாம், ரெண்டு மணி நேரம் குடுங்க. தரையில ஜமுக்காளம் போதும். காசை முதல்லயே பேசி, வந்த அன்னைக்கே குடுங்க.

ராமநதிக்கரை அண்ணாச்சிக்கு: அன்னைக்கு நடுவுல இருந்தது எங்க பெரிய வாப்பா, வாப்பாவுக்கு மூத்தவங்க. அந்தப் பாட்டு எனக்கும் தெரியும், ஏன் தாளம் இல்லன்னு கேட்டதே இல்ல. இப்ப ஊர்ல இல்ல, தர்கா ஜியாரத்துக்குப் போயிருக்காங்க. வந்ததும் கேட்டு எழுதுதேன்.

தென்காசிச் சாரல்

தம்பி, நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிடுதேன். பாதியில எந்திரிச்சு வந்ததைப் பெருமையா வேற எழுதிட்டேன். அன்னைக்குப் பாடினவங்க முகத்தை நான் நினைச்சுப் பார்க்கலை.

தேரிக்காட்டான்

அந்தக் கார் நிறுத்துற இடத்துல போயி மீதியைப் பாடினார்னு படிச்சேன். ரெண்டு தரம் படிச்சேன். மாடன் கதையிலயும் அப்படித்தான், பாதியில விடக்கூடாது. விட்டா கதை விட்ட இடத்துலயே நிக்கும்பாவ.

ராமநதிக்கரை

தம்பி, என் கேள்வி சின்னது, நீங்க எழுதினது பெருசு. எங்க வீட்டுக் களம் சிமென்ட் போட்டது. எழுபது எண்பது பேர் தாராளமா உட்காரலாம். அறுவடை முடிஞ்ச பிறகு ஒரு சனிக்கிழமை ராத்திரி வச்சுக்கலாமா? மைக் வேண்டாம். பேசுற தொகையை நான் முன்னாடியே குடுத்திருதேன், இங்க உள்ளவங்க சேர்ந்தா சேரட்டும். கங்குச்சட்டியும் விறகும் என் பொறுப்பு. பெண்கள் முன்னால உட்காரட்டும், ஜன்னலுக்குப் பின்னால வேண்டாம்.

தறிச்சத்தம்

உம்மாவைக் கூட்டிட்டு வாரேன். அவங்களுக்கு 71 வயசு. பாவா முகத்துக்கு நேரே உட்கார்ந்து ஒரு பாட்டை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் கேட்டதே இல்லன்னு இன்னைக்குத்தான் சொன்னாங்க.

மஸ்ஜித் தெரு

நான் வர முடியாது, காரணம் முன்னாலயே சொல்லிட்டேன். வர்றவங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு என்னோடது. மறுக்காதீங்க.

காயல் உப்புக்காற்று

லாந்தர் தம்பி, உங்கள் பெரிய வாப்பாவிடம் பாட்டு நோட்டு இருக்குமா? பழைய நோட்டுகள் பலவும் அரபுத்தமிழில், அதாவது தமிழ்ச் சொல்லை அரபு எழுத்தில் எழுதியவையாக இருக்கும். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு வாசிக்க வராது. எனக்கு வரும். நோட்டை என்னிடம் தரவேண்டாம். நானே உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, அவர் பாடப் பாடத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்துவிட்டுப் போகிறேன்.

லாந்தர்

ஆறு நாள் ஆயிட்டு, மன்னிக்கணும். பெரிய வாப்பா நேத்துதான் வந்தாங்க.

நோட்டு இருக்கு காக்கா. அரபு எழுத்துதான். ஓரம் பூச்சி தின்னிருக்கு. நீங்க எப்ப வந்தாலும் வரலாம். இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.

களத்துல பாடுறதுக்குச் சம்மதம். ஒரு கேள்வி மட்டும் கேட்டாங்க, "கிஸ்ஸாவை முடிக்க விடுவாங்களா?"ன்னு. விடுவாங்கன்னு சொல்லிருக்கேன். தம்பிகிட்டயும் சொன்னேன். வாரேன்னு சொல்லலை, எத்தனை மணிக்குன்னு கேட்டான்.

இனி அந்தப் பாட்டு. பெரிய வாப்பாவுக்கு ஏழு எட்டு வயசு இருக்கும்போது அவங்க வாப்பாவோட ஸஹருக்குப் போவாங்களாம். அப்ப தெருவிளக்கு கிடையாது. முன்னால லாந்தர் பிடிச்சுட்டு நடக்குறதுதான் பிள்ளையோட வேலை. வீடு உள்ள தெருவுல தாயிரா அடிச்சுப் பாடுவாங்க. ஒரு தெரு முடிஞ்சு அடுத்த தெருவுக்குப் போற வழியில வயக்காடு. அங்க எழுப்புறதுக்கு ஆள் இல்ல. தாயிராவைத் தோள்ல மாட்டிக்கிட்டு, பிள்ளை பயப்படாம இருக்கணும்னு அவங்க வாப்பா மெதுவா ஒரு முனாஜாத்தைப் பாடிட்டே வருவாங்களாம். அது ஊருக்குப் பாடினது இல்ல.

"நான் அதைப் படிச்சது லாந்தர் பிடிச்ச கையோட. அதுல தாயிரா எங்க வந்தது?"ன்னாங்க.